சாட்சிக்குப் பின் வரும் நாட்கள்: கிறிஸ்தவ விசுவாசமும் போதை மீட்சியும்

தமிழ்நாட்டில் எந்த ஊரில் நற்செய்திக் கூட்டம் நடந்தாலும், குடியை விட்ட ஒருவரின் சாட்சி மேடையில் இருக்கும். இத்தனை வருடம் குடித்தேன், வீட்டில் அண்டா குண்டா வரைக்கும் விற்றேன், பெண்டாட்டி பிள்ளைகளை அடித்தேன், ஒருநாள் ராத்திரி ஊழியக்காரர் தலையில் கைவைத்து ஜெபித்தார், அன்றோடு விட்டது. கூட்டம் ஆமென் சொல்லும், கீபோர்டு ஒலிக்கும், அடுத்த பாட்டு தொடங்கும். சொன்னவர் பொய் சொல்லவில்லை. அப்படி ஒரே ராத்திரியில் விட்டவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். ஆனால் சாட்சியின் அமைப்பு கதையை அந்த ராத்திரியோடு முடித்துவிடுகிறது. அடுத்த சம்பள நாளில் அவர் டாஸ்மாக் வாசலை எப்படிக் கடந்தார், மச்சினன் கல்யாணத்தில் மண்டபத்துக்குப் பின்னால் பாட்டில் திறந்தபோது எங்கே போய் நின்றார் என்று யாரும் கேட்பதில்லை. நடுவில் ஒருமுறை சறுக்கியிருந்தால் அடுத்த ஆண்டு அவருக்கு மேடையும் கிடையாது.

கிறிஸ்தவ விசுவாசம் போதையிலிருந்து மீட்குமா என்ற விவாதத்தில் இரண்டு தரப்பும் அந்த ஒரு ராத்திரியைத்தான் உற்றுப் பார்க்கின்றன. விசுவாசி அதை அற்புதம் என்கிறார்; நம்பாதவர் உணர்ச்சி வேகம், சீக்கிரம் தணிந்துவிடும் என்கிறார். இருநூறு ஆண்டு வரலாற்றையும் கடந்த முப்பது ஆண்டுகளின் ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தோன்றுவது வேறு. மனந்திரும்பும் கணம் பலருக்குக் கதவைத் திறந்திருக்கிறது. ஆனால் அவர்களைக் குடிக்காமல் வைத்திருந்தது அதற்குப் பிறகு வந்த ஏற்பாடுகள்தான்: யாரிடம் போய் உண்மையைச் சொல்வது, யாருக்கு என்ன திருப்பித் தருவது, சாயங்காலம் ஏழு மணிக்கு எங்கே உட்கார்வது என்பவை. கிறிஸ்தவம் இவற்றைக் கொடுத்த இடங்களில் பலன் கிடைத்திருக்கிறது. ராத்திரியை மட்டும் கொடுத்த இடங்களில் ஆட்கள் செத்தும் போயிருக்கிறார்கள்.

விரதமும் ஃபிடிலும்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். வேதாகமம் மதுவிலக்கு நூல் அல்ல. கானாவூர்க் கல்யாணத்தில் தண்ணீர் திராட்சரசமானது. பவுல் தீமோத்தேயுவுக்கு வயிற்றுக்காகக் கொஞ்சம் குடிக்கச் சொல்கிறார். வெறிகொள்வதைத்தான் அது கண்டிக்கிறது. ஒரு சொட்டும் கூடாது என்ற கறார் நிலை பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிள்ளை. வடித்தெடுத்த மலிவான சாராயமும் ஆலை நகரங்களும் சேர்ந்து பெற்றது அது.

அடிமைத்தனம் எப்படி உருவாகிறது என்பதைப் பழைய கிறிஸ்தவர்களில் மிகக் கூர்மையாகப் பார்த்தவர் அகுஸ்தீன். தம் வாழ்க்கையைச் சொல்லும் அறிக்கைகள் நூலின் எட்டாம் பகுதியில், கோணலான விருப்பத்துக்கு இணங்கினால் அது பழக்கமாகும், பழக்கத்தை எதிர்க்காவிட்டால் அது கட்டாயமாகும் என்று சங்கிலிபோல் கோத்துக்காட்டுகிறார். இன்றைய மூளை மருத்துவருக்கு இதில் பெரிதாகத் திருத்த ஒன்றுமில்லை. ஒன்பதாம் பகுதியில் அவர் தாய் மோனிக்காவைப் பற்றி இன்னும் சுவையான செய்தி ஒன்று வருகிறது. சிறுமியாக இருந்தபோது பீப்பாயிலிருந்து திராட்சரசம் எடுத்துவர அனுப்புவார்களாம். அப்போது உதடு நனையும் அளவு உறிஞ்சத் தொடங்கியவள், நாளடைவில் கோப்பை கோப்பையாகக் குடிக்கும் அளவுக்குப் போய்விட்டாள். கூடவே போகும் வேலைக்காரப் பெண் ஒருநாள் சண்டையில் அவளைக் குடிகாரி என்று திட்டிவிட்டாள். சுருக்கென்று தைத்தது, அன்றே விட்டாள். தரிசனமும் இல்லை, ஊழியக்காரரும் இல்லை. நிலவறையில் இரண்டு பெண்கள் போட்ட சண்டை. அந்தத் திட்டிலும் கடவுளின் கை இருந்தது என்கிறார் மகன்.

பெருந்திரள் மனமாற்றம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அயர்லாந்து சாட்சி. 1838 ஏப்ரலில் கார்க் நகரில் தியோபால்ட் மேத்யூ என்ற கப்புச்சின் துறவி மதுவிலக்கு உறுதிமொழியில் கையெழுத்திட்டார். சில ஆண்டுகளில் ஐரிஷ் மக்கள் லட்சக்கணக்கில் அவர்முன் மண்டியிட்டு உறுதிமொழி எடுத்துப் பதக்கம் வாங்கிப் போனார்கள். பல ஊர்களில் வாசகசாலைகளும் பேண்டு வாத்தியக் குழுக்களும்கூட உருவாயின. ஆனாலும் எல்லாம் அவர் ஒருவருடைய வருகையையே நம்பி நின்றன. 1845இல் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தது, 1856இல் அவரும் இறந்தார், இயக்கம் கரைந்தது.

அதே 1856இல் டப்ளினில் பிறந்த மாட் டால்பட் என்ற கூலித் தொழிலாளி இதை வேறு விதமாகச் செய்தார். பன்னிரண்டு வயது முதல் குடித்தவர். 1884இல் கையில் காசில்லாமல் மதுக்கடை வாசலில் நின்றிருந்தபோது, அதுவரை அவர் காசில் குடித்த நண்பர்கள் ஒருவரும் ஏறிட்டுப் பார்க்காமல் போனார்கள். வீட்டுக்குப் போய், மூன்று மாதத்துக்கு உறுதிமொழி எடுக்கப் போகிறேன் என்றார். மூன்று மாதம்தான். அது முடிந்ததும் இன்னும் ஆறு மாதம், பிறகு ஆயுள் முழுவதும். வேலைக்குப் போகும்முன் விடியற்காலைத் திருப்பலி, பழைய கடன்களை ஒவ்வொன்றாக அடைத்தல், சட்டைப்பையில் காசு வைத்துக்கொள்ளாமல் வெளியே போதல் என்று வாழ்க்கையையே மாற்றிக் கட்டினார். குடிக்காகத் தெருப் பாடகர் ஒருவரின் ஃபிடிலைத் திருடி விற்றிருந்தார். அவரை ஊரெல்லாம் தேடினார், கிடைக்கவில்லை. அந்தப் பணத்துக்கு அவர் ஆன்மாவுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் சொன்னார். 1925 ஜூன் 7இல் கோவிலுக்குப் போகும் வழியில் விழுந்து இறந்தார். 41 ஆண்டுகள் ஒரு சொட்டு இல்லை. 1975இல் ஆறாம் பவுல் திருத்தந்தை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார். அவர் உடம்பில் தவச் சங்கிலிகள் கட்டியிருந்ததைப் பற்றித்தான் நிறைய எழுதுகிறார்கள். என் கண்ணுக்கு அந்தக் காலியான சட்டைப்பையும் ஃபிடிலும்தான் படுகின்றன.

நம் ஊரிலும் தவக்காலத்து நாற்பது நாள் குடிக்காமல் இருப்பவர்கள் உண்டு. ஐயப்பனுக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் தொடாதவர்களும் உண்டு. உயிர்த்த ஞாயிறு அன்றோ, மாலை கழற்றிய அன்றோ பழைய இடத்துக்கே திரும்புகிறார்கள். விரதத்தைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. நாற்பது நாள் முடிகிறவருக்கு நாற்பத்தோராம் நாள் ஏன் முடியவில்லை என்பதுதான் விஷயம். விரதத்தில் வீடும் ஊரும் கூட நிற்கின்றன. காலையில் எழுந்தால் செய்ய ஒரு வேலை இருக்கிறது. முடிந்ததும் இரண்டும் ஒரே நாளில் காணாமல் போகின்றன.

ஆக்ரனில் நடந்தது

கிறிஸ்தவமும் மீட்சியும் என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தை, ஏஏ என்று சுருக்கமாகச் சொல்வதை, தவிர்த்துப் பேச முடியாது. அது பிறந்த விதம் பலருக்குத் தெரியாது. ஃபிராங்க் புக்மன் என்ற அமெரிக்க லூத்தரன் போதகர் 1920களில் தொடங்கிய இயக்கம் பிறகு ஆக்ஸ்ஃபோர்டு குழு என்று பெயர் பெற்றது. முதல் நூற்றாண்டுச் சபையைப் போல வாழ்வது அதன் ஆசை. வீட்டுக் கூடங்களில் கூடுவது, பாவத்தை ஒருவரிடம் ஒருவர் அறிக்கையிடுவது, கெடுத்ததைச் சரிசெய்வது, காலையில் அமைதியாக உட்கார்ந்து கடவுளின் வழிநடத்துதலுக்குக் காத்திருப்பது, கிடைத்ததை அடுத்தவருக்குச் சொல்வது ஆகியவை அதன் பழக்கங்கள். குடிகாரர்களுக்காக ஏற்பட்டதல்ல. வசதியுள்ளவர்களின் பக்தி வட்டம் என்று சொன்னாலும் தப்பில்லை.

1934 நவம்பரில் அதில் மனந்திரும்பிய எபி தாட்சர், பள்ளிக்காலத்துச் சினேகிதன் பில் வில்சனைப் பார்க்க புரூக்ளின் வீட்டுக்கு வந்தார். பங்குச் சந்தை ஆளான பில் சமையலறை மேசையில் ஜின்னும் அன்னாசிச் சாறுமாக உட்கார்ந்திருந்தார். ஊற்றிக் கொடுத்ததை எபி வேண்டாம் என்றார். டிசம்பரில் பில் நியூயார்க்கின் டவுன்ஸ் மருத்துவமனையில் சேர்ந்தபோது அறையே வெளிச்சத்தால் நிறைந்ததுபோன்ற ஓர் அனுபவம் கிடைத்தது. பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயந்து டாக்டர் சில்க்வொர்த்தைக் கேட்டார். என்னவென்று எனக்குத் தெரியாது, ஆனால் இதற்கு முன் இருந்த உன்னைவிட இது மேல், பிடித்துக்கொள் என்ற பொருளில் டாக்டர் பதில் சொன்னார். நம் ஊர்ச் சாட்சி இங்கே முடிந்திருக்கும்.

பில் அடுத்த சில மாதங்கள் கண்ணில் பட்ட குடிகாரர்களுக்கெல்லாம் தன் வெளிச்சத்தைப் பிரசங்கித்தார். ஒருவரும் தேறவில்லை. பிரசங்கத்தை விடு, முதலில் இது எவ்வளவு கொடிய நோய் என்பதைச் சொல் என்றார் அதே டாக்டர். 1935 மே மாதம் ஒரு வியாபார விவகாரமாக ஓஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகருக்குப் போன பில்லுக்கு அது கைகூடவில்லை. மேஃபிளவர் ஹோட்டல் முன்கூடத்தில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் பாரில் சிரிப்புச் சத்தம், மறுபக்கம் ஊர்த் தேவாலயங்களின் பட்டியல் மாட்டிய பலகை, பக்கத்தில் தொலைபேசி. குடிக்காமல் இருக்க வேண்டுமென்றால் பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேண்டும் என்று அவருக்குப் புரிந்தது. பட்டியலில் இருந்த ஒரு போதகரை அழைத்தார். அவர் கொடுத்த பெயர்கள் வழியாக ஆக்ஸ்ஃபோர்டு குழுவைச் சேர்ந்த ஹென்ரியட்டா சைபர்லிங் கிடைத்தார். அவர் வழியாக அறுவை மருத்துவர் பாப் ஸ்மித். கால் மணி நேரம் மட்டும் என்று சொல்லி வந்த டாக்டர் பாப் இரவு பதினோரு மணி தாண்டித்தான் கிளம்பினார். அவருக்குப் பக்திப் பேச்சு புதிதல்ல; ஆக்ஸ்ஃபோர்டு குழுவில் இரண்டு ஆண்டுக்கு மேல் உட்கார்ந்து, கூடவே குடித்துக்கொண்டும் இருந்தவர். தன் மொழியில் பேசிய முதல் ஆள் பில்தான்.

இதற்குப் பிறகும் பாப் ஒருமுறை சறுக்கினார். அட்லாண்டிக் சிட்டியில் நடந்த மருத்துவ மாநாட்டுக்குப் போய், நிலைதெரியாமல் குடித்துத் திரும்பினார். அறுவைச் சிகிச்சை ஒன்று காத்திருந்தது; கை நடுக்கம் அடங்க அன்று காலை பில்லே அவருக்கு ஒரு பீர் கொடுத்தார். அதுதான் கடைசி. 1935 ஜூன் 10, ஏஏ தன் பிறந்தநாளாகக் கொண்டாடும் தேதி. ஒரு சறுக்கலின் கடைசி மிடறு விழுந்த நாளையே பிறந்தநாளாக வைத்துக்கொண்ட இயக்கம் வேறு ஏதாவது உண்டா, தெரியவில்லை.

அந்தக் கோடை முழுவதும் பாப் வீட்டில் அவர் மனைவி ஆன் காலைதோறும் வேதம் வாசித்தார். யாக்கோபு நிருபம், மலைப் பிரசங்கம், அன்பைப் பற்றிய 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரம் மூன்றும் அவர்களுக்கு உயிர்நாடி. யாக்கோபு பெயரையே சங்கத்துக்கு வைக்கலாம் என்றுகூடச் சிலர் பேசினார்கள். பன்னிரண்டு படிகளை விரித்துப் பார்த்தால் பழைய கிறிஸ்தவப் பயிற்சிகள் வரிசையாக நிற்கின்றன: இயலாமையை ஒப்புக்கொள்ளுதல், கடவுளிடம் ஒப்படைத்தல், ஆத்துமசோதனை, இன்னொரு மனிதரிடம் அறிக்கை, சகேயு செய்ததுபோல் கெடுத்ததைத் திருப்பித் தருதல், தினசரி ஜெபம், நற்செய்தியைக் கொண்டுபோதல். இன்றைக்கு இன்றையப் பாடு போதும் என்பது மலைப் பிரசங்கத்தின் வழி. அதுவே ஏஏயில் இருபத்துநாலு மணி நேரக் கணக்காயிற்று. 1940இல் செயின்ட் லூயிஸிலிருந்து வந்த இயேசு சபைக் குரு எட் டவுலிங், இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளை எப்போது படித்தீர்கள் என்று பில்லிடம் கேட்டார். பில் அதைப் படித்ததே இல்லை.

ஆனால் 1939இல் வெளியான அவர்களுடைய நூலில் கிறிஸ்துவின் பெயர் படிகளில் இல்லை. அவரவர் புரிந்துகொண்டபடியான கடவுள் என்றே இருந்தது. நாத்திகர்களைத் திருப்திப்படுத்தச் செய்த சமரசம் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. மறுபாதி கத்தோலிக்கர்களால் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டு குழுவின் பகிரங்க அறிக்கைக்கூட்டம் புராட்டஸ்டன்ட் வழிபாடாகத் தெரிந்ததால் கிளீவ்லாந்தின் கத்தோலிக்கக் குடிநோயாளிகள் உள்ளே வரத் தயங்கினார்கள். அவர்களுக்காக 1939 மே மாதம் அங்கே ஒரு குழு தனியாகப் பிரிந்தது. கிறிஸ்தவர்களுக்குள் இருந்த மதில்தான் கிறிஸ்துவின் பெயரை வெளியே நிறுத்தியது என்பதைச் சபைகள் அவ்வளவாக நினைத்துப் பார்ப்பதில்லை. அதே ஆண்டு ஆக்ரனின் புனித தோமா மருத்துவமனையில் அருட்சகோதரி இக்னேஷியா குடிநோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கினார். வெளியேறும் ஒவ்வொருவருக்கும் ஒரு திரு இருதயச் சின்னம் கொடுப்பார். குடிக்கத் தோன்றினால் முதலில் இதை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்க் குடி என்பது நிபந்தனை.

சேதியைக் கொண்டுவந்த எபி என்ன ஆனார்? பலமுறை சறுக்கினார். ஆண்டுக்கணக்கில் விழுந்தும் எழுந்தும் கிடந்து, கடைசி இரண்டு சொச்சம் ஆண்டுகள் குடிக்காமல் இருந்து 1966இல் இறந்தார். பில் கடைசிவரை அவரைத் தன் வழிகாட்டி என்றே சொன்னார். பில்லோ 1971இல் இறந்தது புகைபிடித்து நுரையீரல் கெட்டு. வெளிச்சம் கண்டவரால் சிகரெட்டை விட முடியவில்லை.

பாவமா, நோயா

இந்தக் கேள்வியில் சபைகள் நிறையச் சக்தி செலவழிக்கின்றன. எட்வர்ட் வெல்ச் போன்ற சீர்திருத்த மரபு ஆலோசகர்கள் அடிமைத்தனத்தை வழிபாட்டுக் கோளாறு, விக்கிரக ஆராதனை என்கிறார்கள். நோய் என்று சொன்னால் பொறுப்பு நழுவிவிடும் என்பது அவர்கள் கவலை. மனநல மருத்துவர் ஜெரால்ட் மே 1988இல் எழுதிய நூலில் எல்லா மனிதருமே ஏதோ ஒன்றுக்கு அடிமைதான், கிருபை வந்து நுழையும் இடமே அதுதான் என்றார். ஆங்கிலிக்கன் குருவும் மனநல மருத்துவருமான கிறிஸ்டோபர் குக், விரும்புவதைச் செய்யாமல் வெறுப்பதையே செய்கிறேன் என்று பவுல் புலம்பும் ரோமர் ஏழாம் அதிகாரத்தை வைத்து, பிளவுபட்ட விருப்பம் குடிகாரருக்கு மட்டும் உரியதல்ல என்று காட்டினார். கென்ட் டன்னிங்டன் 2011இல் நோயும் அல்ல, தேர்வும் அல்ல, பழக்கம் என்று தாமஸ் அக்வினாஸ் வழியில் வாதிட்டார்.

எனக்கு டன்னிங்டன் பக்கம் சாய்வு. ஆனால் நடைமுறையில் இந்த விவாதம் சொல்லப்படுகிற அளவு முக்கியமில்லை. பாவம் என்று நம்பும் நல்ல சபையும் நோய் என்று நம்பும் நல்ல மருத்துவமனையும் கடைசியில் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன: ஆளை வெட்கப்படுத்தாமல் உட்காரவைத்து, நாளைக்கும் வரச்சொல்கின்றன. மோசமான சபை அவரைப் பாவி என்று ஒதுக்குகிறது. மோசமான மருத்துவமனை மாத்திரைச் சீட்டோடு அனுப்பிவிடுகிறது.

பெயர்ப் பிரச்சினையிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஏஏயில் இயேசுவின் பெயரைச் சொல்ல முடியவில்லை என்று குறைப்பட்ட ஜான் பேக்கர், 1991இல் கலிபோர்னியாவின் சேடில்பேக் சபையில் மலைப் பிரசங்கத்தின் பாக்கியவசனங்களை அடிப்படையாக வைத்து செலிபிரேட் ரெக்கவரி என்ற இயக்கத்தைத் தொடங்கினார். இன்னொரு பக்கம், 1996 முதல் பல அமெரிக்க நீதிமன்றங்கள், கைதிகளைக் கட்டாயப்படுத்தி பன்னிரண்டு படிக் கூட்டங்களுக்கு அனுப்புவது மதத்தைத் திணிப்பதாகும் என்று தீர்ப்பளித்தன. சபைக்கு அது போதிய கிறிஸ்தவமாக இல்லை. நீதிமன்றத்துக்கு அது மிதமிஞ்சிய மதமாக இருக்கிறது.

எண்கள் சொல்வதும் மறைப்பதும்

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட மதிப்பாய்வு 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் கணக்கில் எடுத்தது. ஏஏவுக்கு ஆட்களை முறையாகக் கொண்டுசேர்க்கும் சிகிச்சை பெற்றவர்களில் ஓராண்டு முடிவில் தொடர்ந்து குடிக்காமல் இருந்தவர்கள் 42 விழுக்காடு. மற்ற உளச்சிகிச்சைகளில் 35 விழுக்காடு. வித்தியாசம் வானளாவியதல்ல, ஆனால் மெய்யானது, செலவும் குறைவு. 2006இல் இதே அமைப்பின் முந்தைய மதிப்பாய்வு உறுதியான ஆதாரம் இல்லை என்றுதான் சொல்லியிருந்தது. 2020 மதிப்பாய்வை நடத்திய ஜான் கெல்லி, இது எப்படி வேலை செய்கிறது என்பதையும் தனியாக ஆராய்ந்தவர். பெரும்பாலானோருக்கு முதன்மைக் காரணம் சகவாசம் மாறியது: குடிக்கிற நண்பர்கள் குறைந்து குடிக்காத நண்பர்கள் கூடியது. ஆன்மிகம் கூடுதலாக வேலை செய்தது நோய் முற்றியவர்களிடம். சாட்சி மேடையில் நிற்பவர்கள் பெரும்பாலும் இந்த முற்றிய கூட்டம்தான் என்பதால், மேடையில் தெரியும் காட்சியும் ஆய்வின் முடிவும் நினைப்பதைவிடப் பொருந்தியே போகின்றன.

வெளிப்படையான கிறிஸ்தவ மையங்களின் எண்கள் வேறு மாதிரி. டேவிட் வில்கர்சன் 1958இல் நியூயார்க் தெருக் கும்பல்களிடம் போனதிலிருந்து வளர்ந்த டீன் சேலஞ்ச், எண்பது விழுக்காட்டுக்கும் மேல் வெற்றி என்று நெடுங்காலம் விளம்பரம் செய்தது. அந்த எண்ணுக்கு அடிப்படையான 1970களின் ஆய்வு, ஓராண்டுப் பயிற்சியை முழுதாக முடித்தவர்களையே எண்ணியது. நடுவில் ஓடிப்போனவர்கள் கணக்கில் வரவில்லை. தேர்வு எழுதி முடித்தவர்களை மட்டும் எண்ணினால் எந்தப் பள்ளியும் நல்ல பள்ளிதான். அதற்காக அங்கே தேறியவர்களைப் பொய் என்று சொல்லிவிடவும் முடியாது. ஓராண்டு கூரையும் சோறும் வேலையும், நேற்று தன்னைப்போல் இருந்து இன்று தேறியிருக்கும் அண்ணன்மாரும் கிடைப்பது சின்ன விஷயமல்ல. மாட்ரிடின் புறநகரில் 1985இல் தொடங்கிய பெத்தேல், இத்தாலியில் அருட்சகோதரி எல்வீரா 1983இல் தொடங்கிய செனாகொலோ சமூகம், பிரேசிலின் நம்பிக்கைப் பண்ணைகள் என எல்லாமே உழைப்பு, ஜெபம், கூட்டு வாழ்வு ஆகிய மூன்றில்தான் நிற்கின்றன.

உடம்பு மறப்பதில்லை

சபைகள் கவனமாகக் கேட்க வேண்டிய பகுதி இது. பல ஆண்டு தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் நடுக்கம், காய்ச்சல், இல்லாதது கண்ணில் தெரிவது என்று முற்றி உயிரே போகலாம். சுவரில் பூச்சி ஊர்கிறது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் அலறும்போது, அதைப் பிசாசு என்று நினைத்துக் கட்டிவைத்து ஜெபிப்பது அவரைக் கொல்வதற்குச் சமம். குடிநோயாளியின் உடம்பில் பி1 வைட்டமின் ஏற்கெனவே வற்றியிருக்கும். அந்த நிலையில் மூன்று நாள் உபவாசம் போட்டு, சோர்ந்தபின் பி1 இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளையில் நிரந்தரச் சேதம் வரலாம். முதல் வாரம் மருத்துவமனையில் இருக்கட்டும். ஜெபிக்கிறவர் படுக்கை அருகே உட்கார்ந்து ஜெபிக்கலாம். டாக்டர் பாப்பும் தம் நோயாளிகளை முதலில் மருத்துவமனைப் படுக்கையில்தான் போட்டார்.

ஹெராயின் கதை வேறு. நிறுத்துவதால் சாவது அரிது; நிறுத்தியபின் திரும்பத் தொட்டால்தான் சாவு. சில மாதம் சுத்தமாக இருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. மெதடோன், புப்ரெனார்ஃபின் போன்ற மாற்று மருந்துகள் சாவைப் பாதியாகக் குறைக்கின்றன என்பது இன்று உறுதிப்பட்ட செய்தி. பல கிறிஸ்தவ மையங்களுக்கு இது ஒரு போதைக்குப் பதில் இன்னொன்றாகத் தெரிகிறது. ஹாங்காங்கின் கவுலூன் மதில் நகரில் 1960களிலிருந்து ஊழியம் செய்த ஜாக்கி புல்லிங்கர், மருந்தே இல்லாமல் ஜெபத்தில் ஹெராயினை விட்டவர்களைப் பற்றி எழுதியது உலகெங்கும் படிக்கப்பட்டது. ஆனால் அவர் வீடுகளில் ஒருவர் படுத்தால் ஆட்கள் மாறி மாறி இரவு பகலாகக் கூட இருந்தார்கள், பிறகு அங்கேயே மாதக்கணக்கில் வாழவும் வைத்தார்கள். அதை விட்டுவிட்டு ஜெபத்தை மட்டும் நகலெடுத்தவர்கள் ஏராளம்.

இன்னும் மோசமாகப் போன இடங்களும் உண்டு. குவாத்தமாலா நகரின் பெந்தெகொஸ்து மையங்கள், குடும்பத்தாரிடம் பணம் வாங்கிக்கொண்டு போதைக்காரர்களைத் தெருவில் பிடித்துவந்து பூட்டிவைப்பதை மானுடவியலாளர் கெவின் லூயிஸ் ஓநீல் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். 2012 ஜனவரியில் பெருவின் லிமா நகரில், கிறிஸ்துவின் அன்பைப் பெயரில் தாங்கிய ஒரு மறுவாழ்வு மையத்தில் தீப்பிடித்தது. கதவு பூட்டி, ஜன்னலுக்குக் கம்பி போட்டிருந்தார்கள். இருபத்தைந்து பேருக்கும் மேல் செத்தார்கள்.

வடகிழக்கிலிருந்து ஒரு பாடம்

இந்தியாவில் இந்தக் கேள்வி முழு உருவத்தில் தெரியும் இடம் வடகிழக்கு. நாகாலாந்திலும் மிசோரத்திலும் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள். நாகா பாப்திஸ்து சபைகளின் அழுத்தத்தில் 1989இல் நாகாலாந்தில் முழு மதுவிலக்குச் சட்டம் வந்தது. மிசோரத்தில் பிரஸ்பிட்டேரியன் சபை கேட்டதன் பேரில் 1995இல் சட்டம் இயற்றி 1997இல் நடைமுறைப்படுத்தினார்கள். 2015இல் கடைகள் திறந்தன, 2019இல் மறுபடி மூடின. இதற்கு நடுவே மியான்மர் எல்லை வழியாக ஹெராயின் வந்தது. மிசோரத்து இளைஞர்கள் ஸ்பாஸ்மோ ப்ராக்ஸிவான் என்ற வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றினார்கள். கையும் காலும் சீழ்பிடித்தன. எச்.ஐ.வி. பரவல் விகிதத்தில் மிசோரமும் நாகாலாந்தும் நாட்டின் உச்சியில் இருக்கின்றன. மதுவிலக்கு தவறு என்று இதிலிருந்து நேராக முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் கடையை மூடிவிட்டால் ஆள் மீண்டுவிடுவார் என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது.

அங்கே என்னை யோசிக்கவைத்தது வேறொன்று. இம்மானுவேல் ஹாஸ்பிட்டல் அசோசியேஷன் இந்தியாவின் சுவிசேஷ மரபு மருத்துவமனைகளின் கூட்டமைப்பு, விசுவாசத்தில் கறாரானவர்கள். 2004இல் கேட்ஸ் அறக்கட்டளை நிதியில் மணிப்பூரிலும் நாகாலாந்திலும் ஆர்க்கிட் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். ஊசி போடுகிறவர்களுக்குச் சுத்தமான ஊசி கொடுத்தார்கள், ஆணுறை கொடுத்தார்கள், பிறகு புப்ரெனார்ஃபினும் கொடுத்தார்கள். நாளைக்குத் திருந்தப் போகிறவனுக்கு இன்று உயிர் வேண்டுமே என்ற எளிய கணக்கு அது. எந்த நற்செய்திக் கூட்ட மேடையும் ஊசி விநியோகத்தைச் சாட்சியாகச் சொல்லாது. கிறிஸ்தவச் செயல் என்று பார்த்தால் பல சாட்சிகளைவிட அது மேலானது என்பது என் கருத்து.

மும்பையில் 1981இல் பாந்திராவின் மவுண்ட் கார்மல் ஆலயத்தில் அருட்தந்தை ஜோ பெரெய்ரா தொடங்கிய கிருபா அறக்கட்டளை வேறொரு பாதை. பி.கே.எஸ். ஐயங்காரின் மாணவரான அவர் பன்னிரண்டு படிகளோடு யோகாசனத்தைச் சேர்த்தார். 2009இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கத்தோலிக்கக் குரு யோகா சொல்லிக்கொடுப்பதா என்ற முணுமுணுப்பை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அவர் செய்தது மாட் டால்பட் செய்ததுதான்: காலை நேரத்தை நிரப்பினார்.

தமிழ்நாட்டில் ஏஏ கூட்டங்கள் தமிழிலேயே நடக்கின்றன. தேவாலய வளாகத்து அறைகள் பலவற்றில் சத்தமில்லாமல் கூடுகிறார்கள். பிளாஸ்டிக் நாற்காலி, ஃபிளாஸ்கில் டீ, சுவரில் பன்னிரண்டு படிகள் அச்சிட்ட துணி. பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று தொடங்குகிறார்கள். இருபது வருடமாகக் குடிக்காதவரும் அப்படித்தான் தொடங்குகிறார். குடிகாரனாக இருந்தேன் என்று சபை மேடையில் சொல்ல வேண்டும். இங்கே இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். இந்த வித்தியாசம் பாஸ்டர்கள் சிலருக்கு உறுத்துகிறது. கிறிஸ்துவுக்குள் புதுச்சிருஷ்டி ஆனவன் இன்னும் குடிநோயாளி என்று எப்படிச் சொல்லலாம் என்கிறார்கள்.

அந்த உறுத்தலுக்குத் திருவிருந்து மேசையிலேயே ஒரு பதில் இருக்கிறது. 1869இல் நியூஜெர்சியில் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட் பல் மருத்துவர் திராட்சைச் சாற்றைப் புளிக்காமல் பாட்டிலில் அடைக்கும் வழி கண்டார். திருவிருந்துக்குப் போதையில்லாத ரசம் வேண்டும் என்பதே நோக்கம். பல புராட்டஸ்டன்ட் சபைகளில் இன்று கிண்ணத்தில் இருப்பது அந்த வகைச் சாறுதான். ரசத்தில் சமரசமே செய்யாத கத்தோலிக்கத் திருச்சபைகூட, குடிநோயுள்ள குருக்கள் ஆயரின் அனுமதியோடு மஸ்ட் என்ற, புளிப்பு தொடங்கியும் தொடங்காததுமான சாற்றைப் பயன்படுத்தலாம் என்று 2003 ஜூலையில் ரோமிலிருந்து எழுதிய கடிதத்தில் உறுதிப்படுத்தியது. குருப்பட்டம் பெற்று, தினமும் பலிபீடத்தில் நின்று, பல வருடம் குடிக்காமல் இருக்கும் ஒருவருக்கும் அந்த ஒரு வாய் ஆபத்து என்று ஏற்றுக்கொண்டுதான் அதை எழுதினார்கள். நம் ஊர்ச் சபைகளில் எத்தனை பேர் கிண்ணம் வரும் வரிசையில் நின்று, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் உதட்டை மூடிக்கொண்டு நகர்கிறார்கள் என்று அந்தந்தப் பாஸ்டர் விசாரித்துப் பார்க்கலாம்.